கடப்பாரை இறங்கிய பாறை: நீலகிரியில் கல் எப்படி மண்ணாகிறது

கோத்தகிரியில் என் மாமனார் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஏழடி ஆழம் வேண்டும். முதல் ஒன்றரை அடி காப்பித்தூள் நிறத்தில், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் மண். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்பும் கலந்த மண், பிசைந்தால் உருட்ட வந்தது. ஆறாவது அடியில் வேலை செய்துகொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்: "பாறை வந்திருச்சுங்க."

எட்டிப் பார்த்தேன். பாறையேதான். வெள்ளையும் துருநிறமுமாக வரிவரியாகப் புள்ளிகள், குறுக்கே ஒரு விரிசல். சரி, தொட்டியை இடம் மாற்ற வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாமனார் கடப்பாரையை வாங்கி ஒரு குத்து குத்தினார். அச்சு வெல்லத்துக்குள் கத்தி போவதுபோல் அரை அடி இறங்கிவிட்டது.

"பார்க்கத்தான் பாறை மாப்ள. அது மண்ணாகப் போற வழியில இருக்குது" என்றார்.

நான் காரமடைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் கிணறு வெட்டும்போது பாறை வந்தால் அது பாறைதான். தோட்டா வைத்துத்தான் மேலே பேச்சு. அதனால் அந்தக் குழியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கல்லின் வரிகள் அப்படியே இருந்தன. விரலால் அழுத்தினால் தூளானது. கல் மண்ணாகும் வேலையின் பாதிவழியை யாரோ நிறுத்திக் காட்டியதுபோல் இருந்தது. மண் எப்படி உருவாகிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே இந்தக் கட்டியை வைத்தே சொல்கிறேன்.

முதலில், அது மண்ணாகப் புறப்படும் முன்பு என்னவாக இருந்தது? நீலகிரியின் அடியில் பெரும்பாலும் இருப்பது சார்னோக்கைட் என்னும் பாறை. பெயர்தான் புதிது, கல் நமக்குப் பழக்கமானது. உடைத்த முகம் நீலம் பாய்ந்த கறுப்பில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருங்கல். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்து, 1893-ல் அந்தக் கல்வகைக்கே சார்னாக்கின் பெயரை வைத்தார். கல்லோ நம்முடைய பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல். பழனி மலையின் அடியிலும் பெரும்பாலும் இதே வகைதான். கொடைக்கானல்காரர்களும் இந்தக் கட்டுரையைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளலாம்.

நீலகிரிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அது உருவானது இப்போது நாம் நிற்கும் குளிர்ந்த, ஈரமான மலைமேல் அல்ல. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாத இடத்தில். அங்கே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இரும்புச் சத்துள்ள பைராக்சீன் என்னும் கனிமங்கள் ஒன்றோடொன்று இறுகி நிம்மதியாக இருந்தன. நிலம் உயர்ந்து, மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போய், இந்தப் பாறை வெளியே தலை நீட்டியபோது நிலைமை மாறிவிட்டது. காற்று, மழை, வேர், குளிர் எதுவும் அதற்குப் பழக்கமில்லாதது. ஒரு கனிமம் தான் பிறந்த சூழலில்தான் உறுதியாக இருக்கும். சூழல் மாறினால், புதுச் சூழலுக்கு ஏற்ற வேறு பொருளாக மெல்ல மாறிக்கொள்ளும். மண் உருவாவது என்றால் அடிப்படையில் இவ்வளவுதான்.

பாடப்புத்தகங்கள் இதை உடைவது, கரைவது என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும். உடைவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் போனதும் பாறை விரிந்து வெடிக்கிறது. பகல் சூடும் இரவுக் குளிரும் அதைத் தளர்த்துகின்றன. விரிசலில் வேர் நுழைந்து நெம்புகிறது. தண்ணீர் விரிசலுக்குள் உறைந்து பாறையைப் பிளப்பதைப் பற்றியும் படித்திருப்பீர்கள். இமயமலையில் அது பெரிய விஷயம். ஊட்டியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிவது உண்மை. ஆனால் அந்தக் குளிர் பாறைக்குள் ஆழமாகப் போவதற்குள் வெயில் வந்துவிடும். நீலகிரி மண்ணுக்கு உறைபனியைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உடைவதால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு. ரசத்தில் மிளகை முழுசாகப் போட்டால் காரம் இறங்காது, தட்டிப் போட்டால் இறங்கும். எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் உள்ள கனசதுரக் கல்லுக்கு வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். தண்ணீர் தொட்டு வேலை செய்யும் இடம் நூறு மடங்கு கூடிவிடுகிறது.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போதே லேசான அமிலம்தான். மிக மிக மெலிந்த சோடா என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணுக்குள் போனதும் அது இன்னும் கூர்மையாகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் மண்ணிடுக்குக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். இந்தத் தண்ணீர் ஃபெல்ட்ஸ்பாரைத் தொட்டால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, சோடியம், பொட்டாசியம் எல்லாம் கரைந்து போய்விடும். மிஞ்சுவது கயோலினைட் என்னும் வெண்களி. பீங்கான் செய்யும் களிமண் இதுதான். பைராக்சீனிலுள்ள இரும்புக்கு நேர்வது மழையில் மறந்து வைத்த மண்வெட்டிக்கு நேர்வதுதான்: துருப்பிடிக்கிறது. செம்மண்ணின் சிவப்பும் மஞ்சளும் இந்தத் துருவின் நிறங்கள். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் கிடந்து மணலாகிறது.

என் மேசைமேலிருந்த கட்டியை இப்போது படிக்க முடிகிறது. அதிலிருந்த வெள்ளை வரி, களியாக மாறிய ஃபெல்ட்ஸ்பார். துருப்புள்ளி, செத்துப்போன பைராக்சீன். நறநறவென்று பல்லில் படுவது குவார்ட்ஸ். (ஆமாம், கடித்துப் பார்த்தேன்.) பாறையின் இடமும் வடிவமும் அப்படியே இருக்க, உள்ளே இருந்த சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. நீலகிரியில் இப்படி நைந்த பாறை பல இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேல் போகிறது.

மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய மேட்டில் சிவப்பு மண்ணுக்குள் பெரிய உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கிருந்தோ உருண்டு வந்து புதைந்தவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவை எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே பிறந்தவை. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் ஓடி அது பெட்டி பெட்டியாகப் பிரிந்திருக்கும். தண்ணீர் விரிசல் வழியாக வந்து ஒவ்வொரு பெட்டியையும் வெளியிலிருந்து அரிக்கும். மூலைகளுக்கு மூன்று பக்கத்திலிருந்தும் அடி விழுவதால் அவை முதலில் தேய்ந்து, வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காக உரியும். நடுவில் மண்ணாகாமல் மிஞ்சிய உருண்டைதான் அந்தக் கல். அதைச் சுற்றியிருக்கும் மண்ணும் ஒரு காலத்தில் அதே கல்தான்.

இது வரைக்கும் பாறையின் கதை. இனிமேல் வருவது மழையின் கதை. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்.

காப்பி ஃபில்டரில் முதல் தண்ணீர் ஊற்றினால் கெட்டி டிகாக்ஷன் இறங்கும். இரண்டாம் தண்ணீரில் சுமாராக இறங்கும். நாலாவது தண்ணீரில் நிறம்கூட இருக்காது, மேலே நிற்பது சக்கைதான். மழையும் பாறையை இப்படித்தான் வடிக்கிறது. சோடியம், கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் முதலில் இறங்கிப்போகின்றன. மழை விடாமல் பெய்துகொண்டே இருந்தால், எளிதில் கரையாத சிலிக்காவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். கடைசிவரை போகாமல் நிற்பவை இரும்பும் அலுமினியமும். இந்த வடிப்பு ஒரு எல்லைக்குப் போனால் மிஞ்சும் சக்கையே அலுமினியத் தாது ஆகிவிடும். அதற்குப் பெயர் பாக்சைட். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்தது இதைத்தான், நீலகிரி, பழனி மலைகளிலும் ஆங்காங்கே இருக்கிறது.

அப்படியென்றால் ஒரே பாறையாக இருந்தாலும் எத்தனை முறை வடித்தது, வடிந்த தண்ணீர் எங்கே போனது என்பதைப் பொறுத்து மண் மாற வேண்டும் அல்லவா? மாறுகிறது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி மலையைச் சுற்றி ஒரு நாள் வந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். பவானிக் கரையில் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். வாழையும் பாக்கும் செழிக்கின்றன. ஆற்றைவிட்டுத் தள்ளிப் போனால் செம்மண். இன்னும் தள்ளி, தாழ்வான நிலங்களில் கரிசல். கரிசல் என்றால் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வருவது என்றுதான் பள்ளியில் படித்தேன். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. கொங்கு நாட்டில் அந்தப் பாறையே கிடையாது, ஆனால் கரிசல் இருக்கிறது. காரணம் இங்கே மழை குறைவு, நிலம் தாழ்வு. மேட்டிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மெக்னீசியமும் சிலிக்காவும் வெளியேற வழியின்றிப் பள்ளத்தில் தங்கிவிடுகின்றன. முதல் டிகாக்ஷன் கீழே பாத்திரத்தில் சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம். அந்தச் சத்துகள் இருக்கும்போது உருவாகும் களி கயோலினைட் அல்ல, ஸ்மெக்டைட் என்னும் வேறு ரகம். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மலையின் செம்மண்ணும் அடிவாரத்துக் கரிசலும் உறவுமுறையில் அக்காள் தங்கை என்று சொன்னால் எங்கள் ஊர் விவசாயி சிரிப்பார். ஆனால் உண்மை அதுதான்.

கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கினால் பர்லியார் வரை சரிவில் உருண்டு வந்த கல்லும் மண்ணும் கலந்த கலவை. இதை மலையிலிருந்து சரிந்து சேர்ந்த மண் என்றே சொல்லலாம், அதற்கு அடுக்கு முறை எதுவும் இருக்காது. குன்னூர் நெருங்க நெருங்க வெட்டுமேடுகளில் ஆழமான செம்மண். ஊட்டிக்குப் போகப் போக அடிமண்ணில் சிவப்பு குறைந்து மஞ்சளும் பழுப்பும் கூடுவதைக் கவனிக்கலாம். இரும்புத் துருவில் இரண்டு வகை உண்டு. சூடும் வறட்சியும் மாறி மாறி வரும் இடத்தில் ஹேமடைட் உருவாகும், அது சிவப்பு. எப்போதும் குளிர்ந்து நனைந்திருக்கும் இடத்தில் கோதைட் உருவாகும், அது மஞ்சள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் மஞ்சள் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய காலத் தட்பவெப்பத்தில் சிவந்த மண்ணும் உயரத்தில் ஆங்காங்கே மிஞ்சியிருக்கும்.

ஊட்டியிலிருந்து மேற்கே இறங்கினால் கூடலூர், தேவாலா, பந்தலூர். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் பக்கம் இது. ஊட்டியில் ஆண்டுக்குச் சுமார் 1,250 மி.மீ. பெய்தால் தேவாலாப் பக்கம் 3,000-ஐத் தாண்டும். பாறை இங்கே கொஞ்சம் மாறி, நைஸ் என்னும் பட்டைப் பாறையும் சேர்ந்துகொள்கிறது. மண்ணோ வடித்து வடித்து எடுத்த சக்கை. இதையே இன்னும் கீழே, நிலம்பூர் வழியாகக் கேரளத்துக்குள் போய்ப் பார்த்தால் அங்காடிப்புரம் வரும். அங்கே செங்கல்போல் வெட்டி வீடு கட்டும் சிவந்த கல்லைப் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் செங்கல் என்று பொருள். தரைக்குள் இருக்கும்போது வெட்டக்கூடிய அளவுக்கு மெத்தென்று இருக்கும், வெயிலில் காய்ந்தால் இறுகிவிடும். நீலகிரி மண்ணை லேட்டரைட் வகை என்று அரசு ஆவணங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு இங்கே அந்தக் கல்லைத் தேடாதீர்கள். வடிந்த விதம் ஒன்று என்பதால் அந்தப் பெயர். பெரும்பாலான இடங்களில் இது மண்ணாகவே இருக்கிறது.

தேவாலா, பந்தலூர் ஓடைகளில் ஒரு காலத்தில் பொன் அரித்தார்கள். 1880-ஐ ஒட்டி ஆங்கிலேயக் கம்பெனிகள் படையெடுத்து வந்து, கையைச் சுட்டுக்கொண்டு திரும்பின. அந்தப் பொன்னும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். குவார்ட்ஸ் போலவே பொன்னும் கரையாது. சுற்றியிருந்த பாறை மண்ணாகிப் போனபின் அது மட்டும் ஓடை மணலில் தங்கியது.

மலையின் வடக்கே, கல்லட்டியின் 36 வளைவுகளில் இறங்கினால் மசினகுடி. ஊட்டியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உலகமே மாறிவிடும். மழைமறைவுப் பகுதி, முள்மரங்கள், கல் கலந்து ஆழம் குறைந்த செம்மண். இங்கே வடிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அதனால் மண் பார்வைக்கு ஏழையாகத் தெரிந்தாலும் மேலே உள்ள மண்ணைவிட அதில் கால்சியம் போன்ற சத்துகள் அதிகம் மிஞ்சியிருக்கும்.

1941-ல் ஹான்ஸ் ஜென்னி என்ற மண்ணியலாளர் மண்ணைத் தீர்மானிப்பவை ஐந்து என்று வகுத்தார்: தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம். பாறை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் நீலகிரியில் மற்ற நான்கும் செய்யும் வேலையைத் தனியாகப் பார்க்க முடிகிறது. மழையைப் பார்த்துவிட்டோம். மேடுபள்ளத்துக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், கேத்திப் பள்ளத்தாக்கு ஒன்றே போதும். மேட்டில் சிவப்பு, நடுச்சரிவில் ஆழமான மண், அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கறுத்த, ஒட்டும் மண். அதைத் தோண்டினால் சாம்பல் நிறம் வரும். தண்ணீரில் மூழ்கிய மண்ணுக்குக் காற்று கிடைக்காது, இரும்புத் துரு நிறமிழந்து கரைந்துவிடும். அந்தச் சாம்பலுக்குள் பழைய வேர்த் துளைகளைச் சுற்றி மட்டும் ஆரஞ்சுக் கோடுகள் இருக்கும். காற்று போன வழி அது.

உயிர்களின் பங்கைச் சோலையில், அதாவது மலைமேல் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் காட்டில், பார்க்க வேண்டும். இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்லப்போகிறேன், ஏனென்றால் நீலகிரியின் மேல்மண் உலகத்திலேயே விசித்திரமானவற்றில் ஒன்று. சமவெளியில் உதிரும் இலையைச் சூடும் கறையானும் சில மாதங்களில் முடித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேலே குளிரில் அந்த வேலை மெதுவாக நடக்கிறது, மட்கு சேர்ந்துகொண்டே போகிறது. அத்துடன் வடிப்பில் மிஞ்சிய அலுமினியம் மட்கைப் பிடித்துக்கொண்டு நுண்ணுயிர்கள் தின்ன விடாமல் காக்கிறது. இப்படிச் சேர்ந்த மண் கறுப்பாக, மிக லேசாக, பஞ்சுபோல் தண்ணீர் பிடிப்பதாக இருக்கும். சாதாரண வயல்மண் ஒரு கன சென்டிமீட்டர் 1.3 கிராம் அளவில் இருந்தால் இது 0.9 கிராமுக்கும் குறைவு. ஜப்பானில் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவாகும் மண்ணுக்குத்தான் இந்தக் குணங்களைச் சொல்வார்கள். எரிமலையே இல்லாத நீலகிரி மேட்டில் அதே குணங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். கோடையிலும் சோலைக்குள் ஓடை வற்றாமல் ஓடுவதில் இந்தப் பஞ்சுக்குப் பங்கு உண்டு.

காலத்துக்குச் சாண்டிநல்லா. ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள இந்தச் சதுப்பில் மட்கியும் மட்காமலும் செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அடுக்குகளை எடுத்து, எந்தக் காலத்தில் புல்வெளி மிகுந்தது, எப்போது சோலை பரவியது என்று படித்திருக்கிறார்கள். பாறை ஒரு சென்டிமீட்டர் மண்ணாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்து யோசித்தால் மாமனார் வீட்டுக் குழியின் ஏழடி என்ன கணக்கு என்று புரியும்.

சரி, இந்த மண்களின் குணங்களை வீட்டில் எப்படிச் சோதிப்பது? முதலில் துகளின் அளவு. 2 மி.மீ. முதல் 0.05 மி.மீ. வரை மணல், அதிலிருந்து 0.002 மி.மீ. வரை வண்டல், அதற்கும் கீழே களி. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் அமரும், வண்டல் சில மணி நேரத்தில், களி தெளிய நாள் கணக்கில் ஆகும். அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். அவசரமென்றால் ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நாடாபோல் தள்ளிப் பாருங்கள். மணல் என்றால் நாடாவே வராது, களி என்றால் நீளமாக வரும்.

நீலகிரிச் செம்மண் இந்த விரல் சோதனையில் ஆளை ஏமாற்றும். களி நிறைய இருந்தும் கையில் மணல் கலந்ததுபோல் தோன்றும். இரும்புத் துரு பசைபோல் வேலை செய்து களித்துகள்களைச் சின்னச் சின்ன மணிகளாக ஒட்டி வைத்திருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசைந்தால் மணிகள் உடைந்து வழவழப்பு வெளியே வரும். தேவாலாவில் அவ்வளவு மழை பெய்தும் தேயிலைத் தோட்டம் சேறாகாமல் தண்ணீரை இறக்கிவிடுவது இந்த மணிகளால்தான். கேரட் இங்கே நேராக இறங்குவதற்கும், ஒட்டும் களியில் போட்டால் இரண்டு காலாகப் பிளப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. மாமனாருக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எந்தப் பாத்தியில் கேரட், எந்தப் பாத்தியில் முட்டைக்கோஸ் என்பதில் அவர் தவறியதை நான் பார்த்ததில்லை.

அடுத்தது, சத்தைப் பிடித்து வைக்கும் திறன். ஒரு கிராம் கயோலினைட் களியின் மேற்பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர். கரிசலின் ஸ்மெக்டைட்டுக்கு 700 சதுர மீட்டரை நெருங்கும். உரத்தின் சத்து ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம் வித்தியாசம். ஆகவே மலைமண்ணில் சத்தைப் பிடித்து வைக்கும் பொறுப்பு களியைவிட மட்குக்குத்தான் அதிகம். மேல்மண் போனால் கேரட் தோட்டத்துக்கு மிஞ்சுவது நிறம் மட்டும்தான்.

பிறகு புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. கால்சியமும் மற்றவையும் வடிந்துபோன மண் புளித்திருக்கும். நீலகிரியில் கார அமில அளவு (pH, 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கிறது. தேயிலைக்கு இது தேன். காய்கறிக்கு அப்படியல்ல, அதனால்தான் சுண்ணாம்போ டோலமைட்டோ போடச் சொல்கிறார்கள். மண்ணின் புளிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? குன்னூர், கோத்தகிரி வீட்டு வாசல்களில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். கோத்தகிரியில் ஒரு வீட்டில் வேலியோரம் முழுக்க நீலமும், புதிதாகச் சுவர் கட்டிய மூலையில் மட்டும் ரோஸ் நிறமுமாகப் பார்த்தேன். சிமென்ட்டிலிருந்து இறங்கிய சுண்ணாம்பாகத்தான் இருக்க வேண்டும்.

புளித்த செம்மண்ணுக்கு இன்னொரு கெட்ட பழக்கம், போடும் பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் சேர்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்வது. மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. மண்வள அட்டையில் வரும் எண்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால், பக்கத்து ஊர்க்காரர் போட்ட அளவையே நாமும் போட வேண்டியதில்லை என்று தெரியும்.

கடைசியாக, குழியின் அடியிலிருந்த அந்த நைந்த பாறைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு ஆபத்தான முகமும் உண்டு. மேலே மண், நடுவில் தண்ணீரைக் குடிக்கும் நைந்த பாறை, அடியில் தண்ணீர் நுழையாத முழுப்பாறை. மலைச்சரிவில் இந்த மூன்றும் இப்படி அடுக்கியிருக்கும்போது நாள்கணக்கில் மழை பெய்தால், இறங்கிய தண்ணீர் முழுப்பாறையின்மேல் தேங்கி மேலுள்ளதைத் தூக்கத் தொடங்கும். மண்ணின் எடையும் கூடியிருக்கும். ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து வழுக்கிவிடும். 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே சாலையையே கொண்டுபோனதும், 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரங்களில் 40 பேருக்கு மேல் பலிகொண்டதும் இத்தகைய சரிவுகள். சரிவின் அடியை வெட்டி வீடு கட்டும்போது நாம் எடுத்துவிடுவது, மேலே உள்ளதை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் கட்டையை. சரிவில் மேலிருந்து கீழாகச் சால் ஓட்டி உருளைக்கிழங்கு போட்டால் மழை அந்தச் சால்களையே வாய்க்காலாக்கி மேல்மண்ணை அள்ளிப்போகும். குறுக்கே படிப்படியாக அமைக்கச் சொல்லி ஊட்டியிலுள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல காலமாகச் சொல்லிவருகிறது. சால் குறுக்கே போனால் வேலைக்கு ஆள் அதிகம் வேண்டும், தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்று விவசாயிகள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

தொட்டி கட்டி முடித்து மூன்று வருடம் ஆகிறது. குழியிலிருந்து எடுத்த மண்ணை மாமனார் அன்றைக்கே இரண்டு குவியலாகப் பிரித்துக் கொட்டச் சொல்லியிருந்தார். காப்பித்தூள் நிற மண் அடுத்த வாரமே பீன்ஸ் பாத்திக்குப் போய்விட்டது. அடியிலிருந்து வந்த வரிபோட்ட கட்டிகள் வேலியோரம் குவிந்து கிடந்தன. முதல் வருடம் அதில் ஒன்றும் முளைக்கவில்லை. போன மாதம் போனபோது வடக்குப் பக்கம் பாசி பிடித்திருந்தது, உச்சியில் ஒரு பெரணிச் செடி. கிளறிப் பார்க்கப் போனேன்.

"அதைத் தொடாதீங்க மாப்ள" என்றார் மாமனார். "இப்பத்தான் வேலையை ஆரம்பிச்சிருக்குது."